“ஜப்பான் பொக்ஸ்” என்று சொல்லி மாட்டிக் கொடுத்தது இதுதான்: மலைநாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கார் 110 கொரோலா. 5ஏ பெற்றோல் எஞ்சின், ஐந்து கியர், மெனுவல். மலையக நகரம் ஒன்றிலுள்ள கராஜில் இதற்குக் கியர் பொக்ஸ் மாற்றிக் கொடுத்தார்கள். பில் 165,000 ரூபா. அந்தப் பில்லில் இருந்தது ஒரே ஒரு வரி: “ஜப்பான் ரீகண்டிஷன் கியர் பொக்ஸ், கூலி உட்பட.” பொக்ஸின் கோட், அதாவது அது எந்த மாதிரி என்ற குறியீடு, எழுதவில்லை. ஒயில் எத்தனை லீட்டர், எந்த ரகம் என்று எழுதவில்லை. எத்தனை மாதம் பொறுப்பு என்பதும் இல்லை.

நாலாம் மாதம், நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கும்போது இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. அந்த இறக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கியர் கழன்றால் எஞ்சின் பிடி போய்விடும், முழுப் பாரமும் பிரேக்கில்தான் விழும். ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து, மண் மேட்டோரம் அணைத்துத்தான் காரை நிறுத்த முடிந்தது. யாருக்கும் காயமில்லை.

பிறகு அந்தப் பொக்ஸை இறக்கிப் பிரித்ததில் தெரிந்ததை அப்படியே எழுதுகிறோம். கராஜின் பெயர் வேண்டாம். இந்த வேலை ஒரு இடத்தில் மட்டும் நடப்பதில்லை.

முதலில், கார் கராஜுக்குப் போனது எதற்காக என்று பாருங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது “கர்ர்” என்று பல் உரசும். நியூட்ரலில் நிற்கும்போது ஒரு முனகல் சத்தம்; கிளச்சை மிதித்தால் நின்றுவிடும். இந்த இரண்டையும் சொன்னாலே குறை எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு கியரில் மட்டும் பல் உரசினால் அந்தக் கியரின் சின்குரோ ரிங் (கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்திருக்கிறது. கிளச்சை மிதித்ததும், எஞ்சினின் சுழற்சியைப் பொக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட் சுற்றாமல் நிற்கிறது, சத்தமும் அதோடு நிற்கிறது என்றால் போயிருப்பது இன்புட் ஷாஃப்ட் பெயாரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் அது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்; அதற்குப் பொக்ஸை இறக்கினால் போதும், பிரிக்கத் தேவையில்லை.

ஆகவே இந்தக் காருக்குத் தேவைப்பட்டது ஒரு சின்குரோ ரிங், ஒரு பெயாரிங், இன்புட் பக்கம் ஒரு ஒயில் சீல், இரண்டு அக்ஸல் ஒயில் சீல், பொக்ஸின் இரு பாதியையும் ஒட்டும் சீலன்ட், 1.9 லீட்டர் ஒயில். இவ்வளவுதான். பிரித்த பிறகு மற்ற ரிங்குகளையும் அளந்து பார்த்திருக்கலாம். ரிங்கைக் கியரின் கோனில் கையால் அழுத்தி வைத்து, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட வேண்டும். இடைவெளி 0.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ரிங் முடிந்தது. கியரைப் பூட்டும் ஸ்லீவுக்கும் அதைத் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க்குக்கும் நடுவே இடைவெளி 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஃபோர்க் முடிந்தது. அளக்கப் பத்து நிமிடம் போதும்.

அதற்குப் பதில் கராஜில் சொல்லப்பட்டது இது: “அண்ணே, இத பிரிச்சா சாமான் கிடைக்காது. பஞ்சிகாவத்தையில இருந்து ஜப்பான் பொக்ஸ் ஒண்ணு எடுத்துத் தாறேன். போட்டுட்டு மறந்துருங்க.”

பஞ்சிகாவத்தை, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் இடம். சாமான் கிடைக்காது என்பது பொய். கொரோலா ரிங்கும் பெயாரிங்கும் தேடினால் கிடைக்கும். கிடைக்காதது பிரித்துப் பொறுமையாகச் செய்யும் ஆள்தான். பழைய பொக்ஸும் கராஜிலேயே நின்றுவிட்டது. ஒரு ரிங், ஒரு பெயாரிங் தவிர மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருந்த பொக்ஸ் அது. காரின் சொந்தக்காரர் அதைக் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

இனி, மாட்டிக் கொடுத்த பொக்ஸ். வெளியே பளபளவென்று சில்வர் பெயின்ட். ஸ்குரூ டிரைவர் நுனியால் சுரண்டினால் பெயின்ட்டுக்கு அடியிலேயே பழைய ஒயில் அழுக்கு, கழுவாமல் அப்படியே அடித்திருக்கிறார்கள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் புதுச் சீலன்ட் வழிந்து நின்றது. அது உள்ளிருந்து பிதுங்கி வந்ததல்ல, விரலால் வெளியே பூசியது. நகத்தால் நெம்பியதும் பட்டையாகக் கழன்று வந்தது.

பின்பக்க மூடியைக் கழற்றினால் ஐந்தாம் கியர் நட் தெரியும். கம்பனியில் அந்த நட்டை இறுக்கிய பிறகு, அதன் ஓரத்தை ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் ஒரு அடி அடித்து மடக்கி வைப்பார்கள். பொக்ஸைப் பிரிக்க வேண்டுமானால் அந்த மடிப்பை நிமிர்த்தியே ஆக வேண்டும். இந்த நட்டில் மடிப்பு ஒன்றே ஒன்று, உளி பட்ட சுவடு இல்லை, மேலே பழுப்பு நிறத்தில் ஒயில் காய்ந்து படிந்திருந்தது. அதாவது இந்தப் பொக்ஸை எவரும் திறந்ததே கிடையாது. திறக்காத பொக்ஸை எப்படி ரீகண்டிஷன் பண்ணினார்கள்? எங்கோ ஓடி முடிந்த பொக்ஸுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

உள்ளே இரண்டாம் கியரின் நாய்ப்பற்கள், ஸ்லீவ் பூட்டிக்கொள்ளும் அந்தச் சின்னப் பற்கள், நுனி மழுங்கி உருண்டிருந்தன. புதுப் பல்லில் பின்பக்கம் சற்றே உள்வாங்கிய சரிவு இருக்கும். பாரம் வரும்போது ஸ்லீவை உள்ளே இழுத்துப் பிடிப்பது அதுதான். சரிவு தேய்ந்தால் பாரம் ஸ்லீவை வெளியே தள்ளும். இறக்கத்தில் காலை எடுத்ததும் கியர் கழன்றதற்குக் காரணம் இது. பொக்ஸுக்குள் இருக்கும் காந்தத்தில் இரும்புத் தூள் சேறு போல ஒட்டியிருந்தது.

அப்படியானால் நாலு மாதம் சத்தமில்லாமல் எப்படி ஓடியது? ஒயில்தான். வடித்தபோது தேன் போல இழுபட்டு இறங்கியது, பழைய லொறி டிஃபரன்ஷலுக்கு ஊற்றும் 140 ரகம். இந்தப் பொக்ஸுக்கு வேண்டியது 75டபிள்யூ-90. தடித்த ஒயில் தேய்ந்த பெயாரிங்கின் சத்தத்தை அமுக்கிவிடும், சூடேறிய பிறகு கியரும் ஓரளவு விழும். பிடிபடுவது குளிரில். சின்குரோ ரிங்கின் உள்ளே மெல்லிய வரிகள் இருக்கின்றன. கியரின் கோன் மேலுள்ள ஒயில் படலத்தை அந்த வரிகள் வெட்டினால்தான் ரிங் பிடித்து வேகத்தைச் சமப்படுத்தும். ஒயில் தடித்தால் வரிகளால் வெட்ட முடியாது, ரிங் வழுக்கும், பல் மோதும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் காலையில் 140 ஒயில் ஏறக்குறைய கிரீஸ்தான். இந்தக் காரிலும் முதல் வாரத்திலிருந்தே காலையில் இரண்டாம் கியர் விழவில்லை. கேட்டதற்கு “புது பொக்ஸ் அண்ணே, பழகணும்” என்றார்களாம். தேய்ந்த பொக்ஸ் பழகாது. இந்தப் பதிலை யார் சொன்னாலும் அன்றைக்கே ஒயிலை வடித்துப் பாருங்கள்.

அடுத்தது இன்னும் மோசம், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. எஞ்சின் அறையின் பின் சுவரிலுள்ள தகட்டில் இந்தக் காரின் பொக்ஸ் சி50 என்று அடித்திருக்கிறது. மாட்டியிருந்தது சி52. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, போல்ட் எல்லாம் பொருந்தும். இரண்டு முதல் ஐந்து வரை கியர் விகிதம்கூட ஒன்றேதான். மாறுவது முதலாம் கியர்: சி50இல் 3.545, சி52இல் 3.166. இழுவை நூற்றுக்குப் பதினொன்று குறைகிறது. கொழும்பில் ஓடும் காருக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். கினிகத்தேனை ஏற்றத்தில் ஐந்து பேரோடு வளைவில் நின்று எடுக்கும் காருக்கு, ஒவ்வொரு தடவையும் கிளச்சை அரைத்துத்தான் எடுக்க வேண்டும். பொக்ஸோடு சேர்த்துப் போட்ட புதுக் கிளச் பிளேட் மூன்றாம் மாதமே கருகி மணத்தது. பழி ஓட்டியவர் மேல் விழுந்தது, “கிளச்சில கால் வச்சே ஓட்டுறீங்க” என்று.

பொக்ஸைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சில்லு ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். கிராங்க் புலியிலும் தூக்கிய சில்லிலும் சோக்கால் கோடு போடுங்கள். நாலாம் கியரில் வைத்து, 19 சாவியால் கிராங்க் போல்ட்டை எஞ்சின் ஓடும் திசையில் சுற்றி, சில்லு சரியாக இரண்டு சுற்று வரக் கிராங்க் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். முதலாம் கியரிலும் அதே போல. முதலாவதின் எண்ணிக்கையை நாலாவதின் எண்ணிக்கையால் பிரித்தால் 3.66க்குக் கிட்ட வருவது சி50, 3.27க்குக் கிட்ட வருவது சி52. கிறவுன் வீல் (சில்லுகளைச் சுற்றும் கடைசிக் கியர்) விகிதம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. உதாரணத்துக்கு, கிறவுன் 3.722 என்றால் நாலாம் கியரில் 3.6 சுற்று, முதலாம் கியரில் சி50 என்றால் 13.2, சி52 என்றால் 11.8.

மாட்டிய விதமும் சரியில்லை. எஞ்சினும் பொக்ஸும் சேரும் இடத்தில் இரண்டு டவல் பின் இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. போல்ட் இறுக்குவதற்கு மட்டும்தான். பொக்ஸை நேர்கோட்டில் நிறுத்துவது பின். ஒரு பின் இல்லாவிட்டால் இன்புட் ஷாஃப்ட் மயிரிழை சாய்ந்து சுற்றும், பெயாரிங் மறுபடி போகும். பொக்ஸை ஏற்றும்போது ஜாக்கி கொடுக்காமல் ஷாஃப்ட்டிலேயே தொங்க விடுவதும் நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. கிளச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து, கியர் விழாமல் போக அதுவே போதும்.

ஒயில் ஊற்றும்போது இரண்டு விஷயம். வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா பாருங்கள். அது இறுகிப்போய் இருந்தால், வடித்த பிறகு காரை நகர்த்தவே முடியாது. அடுத்தது தரை. மலையகத்தில் சமதரை உள்ள கராஜ் குறைவு, முற்றமே சரிவு. சரிவில் நிற்கும் காருக்கு ஓட்டை வழியாக ஒயில் வழிந்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு லீட்டர் நீங்களே வாங்கிக் கொண்டு போங்கள். முழுவதும் வடித்த சி50க்கு 1.9 லீட்டர் போக வேண்டும், போத்தலில் மிஞ்சுவது ஏறக்குறைய 100 மில்லிலீட்டர். அரை லீட்டர் மிஞ்சினால் காரைச் சமதரைக்குக் கொண்டுபோய் மறுபடி பாருங்கள்.

பொக்ஸை மாற்றச் சம்மதிக்கும் முன் வேறு சிலதையும் பார்த்துவிட வேண்டும். எஞ்சின் நிற்கும்போது எல்லாக் கியரும் லேசாக விழுகிறது, ஓடும்போது எதுவும் விழவில்லை என்றால் குறை கிளச் முழுதாக விடாததில், பொக்ஸில் தேடாதீர்கள். லீவர் தளதளவென்று ஆடினால் ஷிஃப்ட் கேபிள் நுனியிலுள்ள புஷ் தேய்ந்திருக்கும், மிகச் சொற்பக் காசு. எஞ்சின் மவுன்டிங் அறுந்தாலும் அக்ஸிலரேட்டரை விடும்போது கியர் கழலும். இந்த மூன்றுக்கும் பொக்ஸ் மாற்றிக் காசு வாங்கியதைப் பார்த்திருக்கிறோம்.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பொக்ஸின் கோட், ஒயிலின் ரகமும் அளவும், புதிதாகப் போட்ட ஒவ்வொரு சாமானும், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதும் எழுத்தில் வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்தக் காரில் ஊற்றிய 140 ஒயில், குறையை மறைத்து, அந்த மூன்று மாதத்தைத்தான் கராஜுக்கு வாங்கிக் கொடுத்தது. குறை வெளிப்படையாகத் தெரிந்தபோது நாலாம் மாதம்.

பழைய பொக்ஸை வேலை முடிந்த அன்றே காரின் டிக்கியில் ஏற்றச் சொல்லுங்கள். தரமாட்டோம், அதைக் கழித்துத்தான் விலை போட்டோம் என்றால், எவ்வளவு கழித்தார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பணத்தில் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, கார் ஓர் இரவு முழுக்க வெளியே நின்ற பிறகு, விடியற்காலையில் எஞ்சினைச் சூடாக்காமல் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பாருங்கள். பிறகு ஆளில்லாத ஒரு சின்ன இறக்கத்தில், இரண்டாம் கியரில், லீவரில் கை வைக்காமல் அக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடுங்கள். லீவர் அசையக்கூடாது. அசைந்தால் மிச்சக் காசைக் கொடுக்காமல் காரை அங்கேயே திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.