சந்தியாகப்பர் பாதையில் கிரான்யோன் கோயில் சத்திரம்: தங்கப் போகிறவர்களுக்கு

பிரான்ஸ் எல்லையிலிருந்து வட ஸ்பெயினைக் குறுக்கே கடந்து, இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறை இருக்கும் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா வரை போகிற நடைபாதை சுமார் 780 கிலோமீட்டர். வழியில் தங்குமிடத்துக்குப் பஞ்சமில்லை. நகராட்சி விடுதியில் படுக்கை 8 முதல் 12 யூரோவுக்குள் கிடைக்கும், தனியார் விடுதியில் 15, 20 ஆகும். இவற்றுக்கு நடுவே விலைப்பட்டியலே இல்லாத பங்குச் சத்திரங்கள், அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோயில்கள் நடத்தும் சத்திரங்கள், சில இன்னும் நடக்கின்றன. லா ரியோகா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கிரான்யோன் என்ற சிற்றூரின் திருமுழுக்கு யோவான் கோயிலை ஒட்டியுள்ள சத்திரம் அவற்றில் பெயர் பெற்றது.

முதலில் வசதி. குறுகலான கல் சுழற்படியில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். முழங்கால் போனவர்களுக்கு, அதுவும் நாஹெராவிலிருந்து 27 கிலோமீட்டர் நடந்து வந்த நாளில், இது சோதனைதான். கட்டில் கிடையாது, தரையில் மெல்லிய மெத்தை, பக்கத்துக்குப் பக்கம் ஆள். போர்வையை நம்பாமல் ஸ்லீப்பிங் பேக் கொண்டு போங்கள். காதடைப்பான் இல்லாமல் போனால் ஒரு குறட்டைக்காரர் போதும், ராத்திரி பாழ். குளியலறைக்கு வரிசை நிற்கும்; மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து சேர்ந்தால் வெந்நீரை எதிர்பார்க்காதீர்கள். கட்டடத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் ஐந்துக்கு இரண்டு.

ஆனால் அங்கே ஆட்கள் தேடிப் போவது கட்டடத்துக்காக அல்ல. மாலையில் யாத்திரிகர்களே காய் நறுக்கி, பரிமாறி, ஒரே மேசையில் சாப்பிட்டு, பாத்திரம் கழுவுகிறார்கள். பருப்புக் குழம்பு, பாஸ்தா, சாலட், ரொட்டி, வைன் என்று எளிய சமையல்தான். சாப்பாட்டுக்குப் பிறகு கோயில் மாடத்தில் சிறு செபம். வர விருப்பமில்லாதவரை யாரும் இழுப்பதில்லை. கத்தோலிக்கரா, எந்த மதம் என்று யாரும் கேட்பதுமில்லை. 'அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்' என்ற பைபிள் வசனத்தை (மத்தேயு 25) பிரசங்கமாகக் கேட்டவர்கள் நிறையப் பேர். அதைப் பாத்திரம் கழுவும் முறையாக மாற்றி வைத்திருக்கும் இடம் குறைவு. ஏழு கிலோமீட்டருக்குள் இருக்கும் சாந்தோ தொமிங்கோ தே லா கல்சாதாவில், 1109-இல் இறந்த தொமிங்கோ என்ற துறவி யாத்திரிகருக்காகப் பாலமும் சாலையும் விடுதியும் கட்டினார். அந்த வட்டாரத்துக்கு இது பழைய பழக்கம்.

காணிக்கைப் பெட்டிதான் இந்தச் சத்திரத்தின் உயிர்நாடி. மூடியில்லாத பெட்டி, 'முடிந்ததை வையுங்கள், தேவையானதை எடுங்கள்' என்று ஸ்பானிய மொழியில் எழுதியிருக்கும். உண்மையிலேயே கையில் காசில்லாதவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், கணக்குக் கேட்க ஆளில்லை. இன்றைய ராத்திரிச் சாப்பாடு நேற்று வந்தவர்கள் போட்டதில் நடக்கிறது. முறை கெட்டுப்போவதும் இங்கேதான். 'காணிக்கை' என்றதும் 'இலவசம்' என்று கணக்குப் போட்டு, இரண்டு யூரோ போட்டுவிட்டு அடுத்த ஊரில் ஆறு யூரோவுக்கு பீர் குடிக்கிறவர்கள் உண்டு. பத்துப் பேர் அப்படிச் செய்தால் மறுநாள் குழம்பு தண்ணியாகும். படுக்கை, ராத்திரிச் சாப்பாடு, காலை ரொட்டி மூன்றுக்கும் சேர்த்து, வசதியுள்ளவர் 20 யூரோ போடுவது நியாயம். வெளியே யாத்திரிகர் சாப்பாடு மட்டுமே 14, 15 ஆகிவிடும். சில்லறை நோட்டாக வைத்திருங்கள். பெட்டிக்குக் கார்டு தேய்க்க முடியாது.

இந்தச் சத்திரங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள், பெரும்பாலும் இதே பாதையை நடந்து முடித்தவர்கள். பதினைந்து நாளுக்கு ஒரு குழு மாறும். அதனால் உபசரிப்பும் ஆளுக்கு ஆள் மாறும்: ஒருவர் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிடுவார், இன்னொருவர் விதிகளை மட்டும் வாசிப்பார். ஒரே வாரத்தில் இரண்டு எதிரெதிர் விமர்சனங்கள் கண்ணில் பட்டால் காரணம் இதுதான்.

சைவம் சாப்பிடுபவர் வந்தவுடனே சொல்லிவிட வேண்டும், மேசையில் உட்கார்ந்த பிறகு அல்ல. பருப்பில் சொரீசோ தொத்திறைச்சி விழுவது அங்கே சகஜம். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம். 'நி கார்னே, நி பெஸ்காதோ' (இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். முதுகுப் பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐம்பது கிராம் பருப்புப் பொடி போதும்.

மூட்டைப்பூச்சி இந்தப் பாதையின் எல்லா வகை விடுதிக்கும் பொதுத் தொல்லை. பையை மெத்தை மேல் வைக்காதீர்கள். படுக்குமுன் மெத்தைத் தையலோரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத் தூள் மாதிரி கரும்புள்ளி இருந்தால் தொண்டரிடம் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்கள். துணியில் ஏறிவிட்டால் மருந்து அடிப்பது முட்டையைக் கொல்லாது. சலவைக்கடை டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுவதுதான் வழி.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். இந்த வகைச் சத்திரங்கள் முன்பதிவே ஏற்பதில்லை, முதலில் நடந்து வருபவருக்குத்தான் இடம். பம்ப்லோனா, புர்கோஸ், லியோன், சாந்தியாகோ போன்ற நகரங்களில் பதிவு போட்டு, நாள்வாரி நடைத்திட்டத்தையும் 30,000 யூரோ காப்பீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எல்லா இரவுக்கும் சான்று வேண்டுமா என்று விசா மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

யாத்திரிகர் கடவுச்சீட்டு (நாட்டு பாஸ்போர்ட் அல்ல, வழியில் தங்கும் இடங்களில் முத்திரை வாங்கும் யாத்திரிகர் அட்டை) இல்லாமல் போகாதீர்கள். காரில் வரும் சுற்றுலாப் பயணிக்கு இந்த இடம் அல்ல. ஒரு ராத்திரிதான் தங்கலாம், காலை எட்டுக்குள் கிளம்ப வேண்டும். மறுநாள் 21 கிலோமீட்டர் நடந்தால், பெலொராதோவைத் தாண்டி, தோசாந்தோஸில் இதே முறையில் நடக்கும் இன்னொரு பங்குச் சத்திரம் இருக்கிறது. காணிக்கைக்கான நோட்டை இரண்டு இரவுக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள்.