மார்கழியில் பாஸ், வைகாசியில் பெயில்: யாழ்ப்பாண வெக்கையில் ரேம் ஓவர்குளொக், இரண்டு வருஷ அனுபவம்

2023 ஐப்பசியில் இந்தக் கணினியைப் பொருத்தினேன். ரைசன் 7 7700, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, ஒரு நடுத்தர கிராபிக்ஸ் காட். கோண்டாவிலில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருக்கும் கூரைக்குச் சீற் போட்ட அறைதான் என் வேலைத்தலம். கலியாணவீட்டுப் படங்களும் வீடியோக்களும் எடிட் செய்கிறேன். ஏசி கிடையாது. ரேம் ஓவர்குளொக், அதாவது ரேமை நியம எண்களைத் தாண்டி வேகமாக ஓட்டுவது பற்றி நான் தேடிப் படித்தவை பெரும்பாலும் குளிர்நாடுகளில் இருந்து எழுதப்பட்டவை. அதே எண்களை இங்கே சீற்றுக்குக் கீழே, மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்தால் என்ன ஆகும் என்று எழுதியவர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்போவை, அதாவது ரேம் செய்தவர்களே பதிந்துவைத்த வேக அமைப்பை இயக்கினால் இந்த ரேமுக்கு 6000 வேகம், காத்திருப்பு எண் சிஎல்30, 1.35 வோல்ட். முதல் இரண்டு மாதம் அப்படியே ஓடியது, ஒரு குறையும் இல்லை. மார்கழியில் வேலை குறைவு. அப்போதுதான் உள் டைமிங்குகளில் கைவைத்தேன். டி-ஆர்எஃப்சியை (ரேமின் மின்னேற்றத்தைத் திரும்ப நிரப்பும் ஒவ்வொரு முறைக்கும் ஒதுக்கும் நேரம்) 885இல் இருந்து 480க்கு இறக்கினேன். டி-ரெஃபியை (ஒரு நிரப்பலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி) 11700இல் இருந்து பயோஸ் அனுமதிக்கும் உச்சமான 65535க்கு ஏற்றினேன். லேட்டன்சி, அதாவது கேட்ட தரவு ரேமில் இருந்து வந்துசேரும் நேரம், 75 நானோசெக்கனில் இருந்து 66க்கு வந்தது. படங்களைப் புரட்டும்போதே கையில் வித்தியாசம் தெரிந்தது, அது உண்மை. ரேமில் பிழை தேடும் டெஸ்ட்மெம்5 மென்பொருளை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பிழை பூச்சியம், ரேம் வெப்பநிலை 43 பாகை. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்றிரவு முழுக்க ஜன்னலால் வாடைக்காற்று வந்துகொண்டிருந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

2024 வைகாசி முதல் வாரம் ஒரு கலியாணவீட்டுப் படங்களைத் திறந்தேன். தாலி கட்டும் படம். மேல்பாதி அருமையாக இருக்கிறது. பெண்ணின் தோளுக்குக் கீழே படம் இரண்டு விரல் அகலம் வலப்பக்கம் தள்ளிப்போய், சிவப்புக் கூறை ஊதாவாகி, ஐயரின் கையும் குத்துவிளக்கும் வேறு எங்கோ நிற்கின்றன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த நிமிடத்தை இன்னொருமுறை எடுக்க முடியாது.

நல்லகாலம், கமெராவின் மெமரி காட்டை இன்னும் அழிக்கவில்லை. காட்டில் இருந்ததையும் டிஸ்கில் இருந்ததையும் ஒப்பிட்டேன். 3,100 படங்களில் இரண்டு மட்டும் வேறாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரேயொரு பைட், அந்தப் பைட்டிலும் ஒரேயொரு பிட். ஜேபெக் கோப்பில் ஒரு பிட் மாறினால் போதும், அதற்குப் பிறகு வரும் கட்டங்கள் எல்லாம் இடம் பெயர்ந்துவிடலாம். முதலில் காட் ரீடரைச் சந்தேகித்தேன், பிறகு டிஸ்கை. இரவில் திரும்ப கொப்பி செய்தால் எல்லாம் சரி. அடுத்தநாள் மத்தியானம் பின்னணியில் வீடியோ ஒன்று எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருக்கும்போது கொப்பி செய்தால் ஒரு படம் பழுது. இரவில் சரி, பகலில் பிழை. அங்கேதான் பிடிபட்டது: வெக்கையில் ரேம்தான் தடுமாறுகிறது.

ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் நிற்கிறது. 1968இல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட் காப்புரிமை பெற்ற அதே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி அமைப்புத்தான் இன்றைக்கும் அடிப்படை. ஓட்டைப் பானைபோல அதில் இருந்து மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். வெக்கை கூடினால் கசிவும் கூடும். பானை வற்றுவதற்குள் திரும்ப நிரப்புவதுதான் ரெஃப்ரெஷ். டிடிஆர்5 நியமப்படி 3.9 மைக்ரோசெக்கனுக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ் கட்டளை போகும். அப்படி 8192 கட்டளையில் ஒரு சுற்று முடியும், அதாவது ஒவ்வொரு செல்லுக்கும் 32 மில்லிசெக்கனுக்குள் ஒருமுறை நிரப்பல் கிடைக்கும். 6000 வேகத்தில் அந்த 3.9 மைக்ரோசெக்கனை ரேமின் கடிகாரத் துடிப்புகளில் எண்ணினால் வருவதுதான் 11700 என்ற எண். நான் 65535 போட்டதும் ஒரு சுற்று கிட்டத்தட்ட 179 மில்லிசெக்கன் ஆகிவிட்டது. ஐந்து மடங்குக்கும் மேல் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

"ரேம் 85 பாகை வரை தாங்கும், 57 எல்லாம் ஒன்றுமில்லை" என்று பலர் சொல்வார்கள். மத்தியானத்தில் என் ரேம் தொட்ட வெப்பநிலைதான் அந்த 57. 85 என்பது சரியான எண்தான். ஆனால் அது நியம ரெஃப்ரெஷுக்கு உரிய எல்லை. அதைத் தாண்டினால் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கவேண்டும் என்று நியமமே சொல்கிறது. இடைவெளியை ஐந்து மடங்கு நீட்டிவிட்டு அந்த 85ஐ நம்பியிருக்க முடியாது. என் ரேமில், என் செட்டிங்கில், எல்லை 54 பாகைக்குப் பக்கத்தில் இருந்தது.

டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே ஒரு பிழைதிருத்தம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஒற்றைப் பிட் தவறுகளைச் சத்தமில்லாமல் திருத்திவிடும், வெளியே அறிவிக்காது. அதனால் முதல் பிழை நம் கண்ணில் படுகிறது என்றால், உள்ளே அதற்கு முன்பே நிறையச் செல்கள் தடுமாறத் தொடங்கியிருக்கும். ஒரே ஒரு பிழைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "தம்பி, வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கோ" என்றார்கள். வழக்கமான வைத்தியம்தான். 1.40 போட்டேன். ரேம் 61 பாகைக்கு ஏறி, முன்பு இருபது நிமிடத்தில் வந்த பிழை எட்டு நிமிடத்திலேயே வந்தது. டிடிஆர்5இல் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் சில்லும் மதர்போட்டில் இல்லை, ரேமிலேயே உட்கார்ந்திருக்கிறது. வோல்ட்டைக் கூட்டினால் அந்த வெக்கையும் சேர்ந்தே வரும். வெக்கையால் வரும் பிழைக்கு வோல்ட் மருந்து இல்லை.

அதற்குப் பிறகு சோதிக்கும் முறையை மாற்றினேன். மத்தியானம் ஒன்றரைக்குத் தொடங்குவேன். கேசிங்கை மூடி, ஜன்னலைச் சாத்தி, அறை ஃபானை நிறுத்தி, டெஸ்ட்மெம்5உடன் கூடவே கிராபிக்ஸ் காட்டுக்கும் முழு வேலை கொடுப்பேன். ரேமை மட்டும் சோதித்தால் 50இல் நின்றுவிடும். கிராபிக்ஸ் காட் ஊதும் சூடும் சேர்ந்தால்தான் 57 வரும், எக்ஸ்போர்ட் ஓடும்போது உண்மையில் நடப்பதும் அதுதான். அம்மா கதவைத் திறந்து, "இந்த வெக்கைக்குள்ள ஃபானையும் நிப்பாட்டிப்போட்டு என்னடா செய்யிறாய்?" என்று கேட்டார். "ரேமுக்குச் சோதினை அம்மா" என்றேன். மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கைகொடுத்தது ஒரு 120 மில்லிமீட்டர் ஃபான். ரேமுக்கு நேர் எதிரே, கேபிள் ரையால் கேசிங் சட்டத்தில் கட்டினேன். நிமிடத்துக்கு 900 சுற்றில் சத்தமே இல்லை, ஆனால் ரேம் 57இல் இருந்து 48க்கு இறங்கியது. பளபளக்கும் ஹீற்சிங்க் போட்ட ரேமுக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். காற்றே அசையாத இடத்தில் ஹீற்சிங்க் தனியாக அதிகம் செய்வதில்லை.

அதோடு டி-ரெஃபியை 30000க்கு இறக்கினேன், டி-ஆர்எஃப்சியை 520க்கு ஏற்றினேன். வோல்ட் பழையபடி 1.35. லேட்டன்சி 68 நானோசெக்கன். உச்சத்தில் இருந்ததைவிட இரண்டு நானோசெக்கன் கூடுதல், அவ்வளவுதான். ஆயிரம் படம் எக்ஸ்போர்ட் செய்யும் நேரத்தில் அந்த இரண்டையும் என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஃபான் கட்டிய பிறகு 65535ம் சோதனையில் தேறியது. ஆனால் அந்த ஃபான் ஒருநாள் நின்றால் தாலி கட்டும் படம் போகும். ஃபானைக் கழற்றிவிட்டுச் சோதித்தாலும் பிழை வராத எண்தான் எனக்கு வேண்டும். 30000 அப்படித் தேறிய எண். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செம்மண் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் ஜன்னலைத் திறந்தாலே அறை இரண்டு மூன்று பாகை குறையும், ஆனால் புழுதியும் கூடவே வரும். போன ஆடியில் ரேம் வெப்பநிலை மெல்ல மெல்ல 52க்கு ஏறியிருந்தது. திறந்து பார்த்தால் முன்பக்க வலையில் செம்புழுதி கம்பளிபோலப் படிந்திருந்தது. கழுவிக் காயவைத்துப் போட்டதும் 47. இப்போது சோளகக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுகிறேன், வாடைக் காலத்தில் மாதம் ஒருமுறை.

2025 வைகாசியில் அதே மத்தியானச் சோதனையை மூன்று நாள் தொடர்ந்து செய்தேன். அறை 34 பாகை, ரேம் 49, பிழை இல்லை. கொப்பி செய்யும் ஒவ்வொரு கோப்பையும் இன்னும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறேன், ஒப்பீடு முடியும்வரை மெமரி காட்டை அழிப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு அல்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. தாலி கட்டும் படத்தைத்தான் அட்டைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.