கலர் ஹெட்டா, கண்டென்சரா? சாரல் ஊரில் என்லார்ஜர் வாங்கிய கதை

செங்கோட்டையில் டார்க் ரூம் போடுகிறவர் முதலில் சாரலை நினைத்துத்தான் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் மெஷின்) பார்க்க வேண்டும். போன சித்திரையில் எனக்கு இரண்டு பழைய மெஷின்கள் கிடைப்பதாக இருந்தது. ஒன்று கலர் ஹெட் (வண்ண ஃபில்டர்கள் உள்ளேயே இருக்கும் விளக்குத் தலை) வைத்தது, தென்காசியில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. மற்றது கண்டென்சர் (ஒளியைக் குவிக்கும் கண்ணாடி ஜோடி) வைத்த ஒபெமஸ் 6, செக் நாட்டு மியோப்டா செய்தது, புனலூரில் கடையை மூடப்போகும் ஒரு ஸ்டூடியோவில் இருந்தது. 35 மி.மீ., 6x6 செ.மீ. நெகட்டிவ் இரண்டும் இரண்டு மெஷினிலும் போடலாம், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் ஒபெமஸை வாங்கினேன்.

கலர் ஹெட்டின் நல்லதையும் சொல்ல வேண்டும். அதில் ஒளி கலந்து பரவி வருவதால் நெகட்டிவில் இருக்கும் தூசியும் கீறலும் பிரிண்டில் அவ்வளவாகத் தெரியாது. ஃபில்டரை வைத்துக் கான்ட்ராஸ்டை மாற்றும் மல்டிகிரேடு பேப்பருக்கு மஞ்சளையும் மெஜந்தாவையும் திருகினால் போதும். கண்டென்சரில் கான்ட்ராஸ்ட் கூடுதல், தூசி ஒவ்வொன்றும் பளிச்சென்று விழும், 00 முதல் 5 வரையுள்ள ஃபில்டர் செட்டைத் தனியாக வாங்க வேண்டும். கலர் நெகட்டிவ் பிரிண்ட் போடுகிறவர் என்றால் யோசிக்காமல் கலர் ஹெட்டையே எடுக்கலாம். நான் அதை ஒரே ஒரு சாயங்காலம்தான் போட்டுப் பார்த்தேன், இதற்குமேல் பேச எனக்கு அனுபவம் இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பூசணம். புனலூர் ஸ்டூடியோக்காரர் அதைப் 'பூப்பல்' என்றார். "தம்பி, மழைக்காலம் வந்தா உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பார்க்கணும், திறக்க முடியாத சாமான் நமக்கு வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே மெஷினின் தலையைத் திறந்து கண்டென்சரை வெளியே எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டு கனத்த கண்ணாடிகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வயிறு தள்ளியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் சிலந்திநூல் மாதிரி பூசணம் படர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன், பத்து நிமிஷத்தில் போய்விட்டது. திரும்ப மாட்டும்போது வயிறு இரண்டும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. கலர் ஹெட்டில் இது நடக்காது. டைக்ரோயிக் ஃபில்டர் என்னும் வண்ணக் கண்ணாடியின் பூச்சு ஈரத்தில் உரிய ஆரம்பித்தால் துடைத்துச் சரிசெய்ய முடியாது, ஒளி கலக்கும் பெட்டி மஞ்சளித்தால் மாற்றுப் பெட்டிக்கு அலைய வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரும் ஹாலஜன் பல்பும் தனிக் கவலை. ஒபெமஸில் திருகு வகை ஓபல் பல்ப்தான், தெருமுனை எலெக்ட்ரீஷியனே ஹோல்டரையும் வயரையும் மாற்றிக் கொடுத்தார்.

நிறுவுவதில் இரண்டுக்கும் ஒரே பாடுதான். மேஜை ஆடினால் படம் ஆடும், அதனால் கம்பத்தின் உச்சியைச் சுவரோடு சேர்த்து இறுக்கினேன். நெகட்டிவ், லென்ஸ், கீழ்ப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும். கண்டென்சரில் மட்டும் ஒரு வேலை கூடுதலாக உண்டு. நெகட்டிவ் வைக்காமல் வெற்று ஒளியைப் பலகையில் விழவிட்டு, நான்கு மூலையும் ஒரே வெளிச்சமாக ஆகும்வரை பல்பை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. மழை நாளில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் எக்ஸ்போஷரும் மாறும், ஒரு ஸ்டெபிலைசர் போட்டுவிடுங்கள்.

எதை வாங்கினாலும் லென்ஸைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். கண்டென்சரில் கொஞ்சம் பூசணம் இருந்தால் பாதகமில்லை, லென்ஸுக்குள் இருந்தால் வெள்ளையெல்லாம் சாம்பலாகிவிடும். புனலூரில் மெஷினோடு வந்த 50 மி.மீ. லென்ஸில் எடுத்த முதல் பிரிண்டில் தாத்தாவின் வெள்ளை வேட்டி பழைய துணி மாதிரி மங்கி வந்தது, எக்ஸ்போஷரைக் குறைத்துப் பார்த்தும் சரியாகவில்லை. வேறு லென்ஸ் மாட்டியதும் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. 39 மி.மீ. மரை உள்ள லென்ஸ்கள் பழைய சந்தையில் நிறையக் கிடைக்கும், உங்கள் மெஷினில் லென்ஸ் மாட்டும் பலகைக்கு அந்த மரை சேருமா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது லென்ஸை டார்க் ரூமில் வைப்பதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வீட்டு பீரோவில் இருக்கிறது. ஜெல்லின் நீல மணிகள் ரோஸ் நிறமானால் தோசைக்கல்லில் இளம் தீயில் வறுக்க வேண்டும், இந்த ஆனி ஆடியில் மட்டும் நான்கு தடவை வறுத்தேன்.