கடற்காற்றில் ஒரு கையடக்க ஸ்கேனர்: நீண்ட நாள் பாவனையும், அடுத்த மொடலில் எனக்கு வேண்டியவையும்

விமானம், கப்பல் போன்றவற்றின் ரேடியோப் பேச்சைச் சேனல் சேனலாகத் தாவித் தேடிக் கேட்கிற ரிசீவரைத்தான் ஸ்கேனர் என்கிறேன். புதிய கையடக்க ஸ்கேனர் ஒன்று வரப்போகிறது என்று கதை அடிபட்டால் முதலில் எழும் கேள்வி, அது எத்தனை டிஜிட்டல் முறைகளைப் பிடிக்கும் என்பதுதான். கொழும்பில் பல வருடமாக ஒரு சாதாரண அனலாக் செட்டை வைத்துக் கேட்டு வருகிற எனக்கு அந்தக் கேள்வி பட்டியலின் அடியில்தான் வரும். எனக்கு வேண்டியது எப்.எம் பாட்டு உள்ளே கசியாத ரிசீவர், எந்தக் கடையிலும் வாங்கிப் போடக்கூடிய பற்றரி, உப்புக்காற்றைத் தாங்கும் உடம்பு. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றதைச் சேர்க்கட்டும்.

என்னிடம் இருப்பது 500 சேனல்களைப் பெயரோடு சேமிக்கும், இரண்டு ஏஏ பற்றரியில் ஓடும் செட். கம்பனி பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லும் குறைகள் இந்த வகை செட்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

இருப்பது வெள்ளவத்தையில், கடற்பக்கமாக, மேல் மாடியில். இரத்மலானை விமான நிலையம் கிட்ட என்பதால் கட்டுப்பாட்டுக் கோபுரம் கதைப்பதும் விமானி கதைப்பதும் இரண்டுமே தெளிவாகக் கேட்கும். கட்டுநாயக்க அப்படியில்லை. இங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் நகரம் முழுவதும் கட்டடம். விமானங்கள் கதைக்கிற விஎச்எப் (மிகை அதிர்வெண்) அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. 35,000 அடியில் பறக்கிற விமானத்தை ஏறத்தாழ 230 கடல் மைல் தூரத்திலிருந்துகூடப் பிடிக்கலாம், ஆனால் தரையில் நிற்கிற கோபுரத்தை நடுவில் கட்டடங்கள் மறைத்தால் இந்தத் தூரத்திலிருந்தே பிடிக்க முடியாது. ஆகவே எனக்குப் பாதி உரையாடல்தான் வரும். அதுவே போதும், ஏனென்றால் கொடுத்த அனுமதியை விமானி திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. எந்த ஓடுபாதை, எந்த உயரம், அடுத்து எந்த அலைவரிசை என்று மற்றப் பாதியை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

இனி எப்.எம் கசிவு. விமான அலைவரிசைகள் 118 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகின்றன, எப்.எம் ஒலிபரப்பு 108இல் முடிகிறது. நடுவில் இருப்பது 10 மெகாஹேர்ட்ஸ் இடைவெளிதான். கொழும்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று எப்.எம் நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு பெரிய பவரில் அடிக்கின்றன. மலிவான ரிசீவர்களில் இடைநிலை அலைவரிசை (பிடித்த அலையை செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் நிலையான அலைவரிசை) 10.7 மெகாஹேர்ட்ஸாக இருந்தால் அதன் இரு மடங்கு, அதாவது 21.4 தள்ளி ஒரு பொய் உருவம் தெரியும். 120.1இல் விமானியைத் தேடினால் 98.7இல் உள்ள நிலையம் வந்து பாடும். 118 முதல் 129.4 வரை இந்தத் தொல்லைக்குள் அகப்படும் என்றால் விமான அலைவரிசையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. கொஞ்சம் நல்ல செட்களில் இந்தக் கணக்கு இல்லை, அவற்றின் இடைநிலை அலைவரிசை வேறு. ஆனால் அவற்றிலும் பெரிய அன்ரெனாவைப் பூட்டியதும் முன்பகுதி திணறி, இரண்டு மூன்று நிலையங்கள் கலந்து இல்லாத இடத்தில் எல்லாம் இரைச்சலாக எழும்பும். என் செட்டில் நடப்பது இதுதான். உள்ளே இருக்கும், வருகிற அலையின் பலத்தைக் குறைக்கும் அற்றெனுவேற்றரைப் போட்டால் பாட்டு குறையும், கூடவே தூரத்து விமானமும் காணாமல் போகும். கடைசியில் 88 முதல் 108 வரை தடுக்கும் ஒரு சின்ன பில்டரை அன்ரெனாவுக்கும் செட்டுக்கும் நடுவில் பூட்டினேன், அன்றிலிருந்து நிம்மதி. ஆனால் கையில் பிடிக்கிற செட்டின் தலையில் பில்டர், அதன்மேல் 60 சென்ரிமீற்றர் அன்ரெனா என்று நிற்கும்போது அன்ரெனா பூட்டுகிற பிஎன்சி இணைப்பு ஆடத் தொடங்குகிறது. இந்த பில்டரைச் செட்டுக்குள்ளேயே வைத்து, வேண்டியபோது போட்டு வேண்டாதபோது எடுக்க ஒரு சுவிட்ச் தந்தால் எங்களைப்போல நகர நடுவில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. அந்த 60 சென்ரிமீற்றர் ஏன் என்றால், 124 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் அவ்வளவுதான். செட்டோடு வருகிற இறப்பர் அன்ரெனா அதில் பாதி நீளம்கூட இல்லை.

விமானத் தொடர்பு இன்னும் ஏஎம்மில்தான், அதாவது அலையின் வீச்சை மாற்றிச் சத்தத்தை ஏற்றும் பழைய முறையில்தான் நடக்கிறது. எப்.எம்மாக இருந்தால் பலமான அலை பலவீனமானதை முழுதாக விழுங்கிவிடும், ஏஎம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் கீச்சென்ற சத்தமாவது வந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் ஸ்கேனர் செய்கிறவர்கள் ஏஎம்மை ஏதோ கடமைக்குச் சேர்த்த மாதிரித்தான் செய்கிறார்கள். தலைக்கு மேலே போகிற விமானி காதைக் கிழிக்கிறார், அடுத்த நொடியில் தூரத்து விமானி முணுமுணுக்கிறார், சத்தக் குமிழிலிருந்து கை எடுக்க முடியாது. தானாகவே சத்தத்தைச் சமப்படுத்தும் பகுதி இதைவிட வேகமாகவும் வடிவாகவும் வேலை செய்ய வேண்டும். கூடவே, ஒரு சேனல் அமைதியானதும் எவ்வளவு நேரம் அங்கேயே காத்திருப்பது என்பதை 2 செக்கன், 5 செக்கன் என்று சேனலுக்குச் சேனல் வேறாகத் தீர்மானிக்க விட வேண்டும். கோபுரம் கேட்டு விமானி பதில் சொல்ல எடுக்கிற அந்தச் சிறிய இடைவெளியில் செட் வேறெங்கோ தாவிவிட்டால் பதில் போயே போய்விடும்.

கப்பல் பக்கம் வந்தால் இன்னொன்று. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு வரிசையில் நிற்கும் கப்பல்கள் 156.8 மெகாஹேர்ட்ஸில், அதாவது 16ஆம் சேனலில் அழைத்துவிட்டு வேறு சேனலுக்குப் போவார்கள். அதில் சில இரட்டைச் சேனல்கள்: கப்பல் ஒரு அலைவரிசையில் அனுப்பும், கரை அதற்கு 4.6 மெகாஹேர்ட்ஸ் மேலே அனுப்பும். என் செட்டில் இரண்டையும் தனித்தனிச் சேனலாகப் பதிந்து தாவிக்கொண்டிருக்கிறேன். ஒரே பட்டனில் எதிர்ப்பக்கம் கேட்கிற வசதி அமெச்சூர் வோக்கி டோக்கிகளில் எப்போதோ வந்துவிட்டது, ஸ்கேனரில் மட்டும் ஏன் இல்லை?

பற்றரி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது உள்ளே பூட்டிய லித்தியம் பற்றரி உள்ள சாமான்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. இந்தச் செட் மட்டும் தெருமுனைக் கடையில் வாங்கிய ஏஏ பற்றரியோடு ஓடியது. மற்ற நாட்களில் திரும்பச் சார்ஜ் செய்கிற நிக்கல் செல்களைப் போடுகிறேன், அதுவும் வடிவாக நிற்கிறது. புதிய மொடலில் யூஎஸ்பி-சி வரட்டும், சந்தோஷம், ஆனால் ஏஏ பற்றரி போடுகிற ஒரு பெட்டியாவது உள்ளே பொருந்த வேண்டும். எம் நாட்டில் வெள்ளமும் புயலும் புதிதல்ல. 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் நடுவில் செய்தி போக வழி செய்தது அமெச்சூர் வானொலிக்காரர்கள்தான்.

உப்புக்காற்று சத்தம் போடாமல் தின்னும். பற்றரிப் பெட்டியின் ஸ்பிரிங்கில் முதலில் வெள்ளைப் பூ மாதிரி ஒன்று படியும், பிறகு பச்சை பிடிக்கும், ஒரு நாள் செட் திடீரென்று நின்று நின்று வேலை செய்யும். சின்னப் பிரஷால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டால் சரியாகும், கொஞ்ச மாதத்தில் திரும்ப வரும். அன்ரெனா இணைப்பும் அப்படித்தான். பற்றரிக் கதவுக்கு ஒரு இறப்பர் வளையமும், நல்ல முலாம் பூசிய தொடுமுனைகளும் போடுவதற்குக் கம்பனிக்குச் செலவு அதிகம் வராது.

திரை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலிமுகத்திடலில் மத்தியான வெயிலில் நின்று படிக்கிற மாதிரி இருந்தால் போதும், கறுப்பு எழுத்துப் பழைய திரை இதில் வண்ணத் திரையைவிட நல்லது. பட்டன்கள் இருட்டில் தடவித் தெரியும்படி இருக்கட்டும்.

நான் மிகவும் ஆசைப்படுவது பதிவு வசதிக்கு. கேட்டதை நேரம், சேனல் பெயரோடு ஒரு சின்ன மெமரி கார்ட்டில் தானாகச் சேமித்தால் போதும். சர்வதேச விண்வெளி நிலையம் 145.8 மெகாஹேர்ட்ஸில் அனுப்பும்போது அது தலைக்கு மேலே இருப்பது சில நிமிடம்தான். அது வரும்போது நான் அலுவலகத்தில் இருப்பேன், செட் ஜன்னலோரம் இருக்கும். விலை கூடிய சில மொடல்களில் இது இருக்கிறது, இந்த விலைக்கும் இறங்கி வர வேண்டும்.

டிஜிட்டலுக்கு வருவோம். 2018இல் யுனிடென் எஸ்டிஎஸ்100 வந்தபோது அலையை எண்களாக்கி மென்பொருளால் பிரித்தெடுக்கும் ஐ/கியூ முறை ரிசீவரைக் கையடக்க ஸ்கேனருக்குள் கொண்டுவந்தது உண்மையிலேயே பெரிய வேலை. அமெரிக்க நகரங்களில் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும்போது அலைகள் மோதிக் குழம்புவதை அது சமாளித்தது. ஆனால் அந்தச் சிக்கலும் அந்த ஊர்த் தபால் எண்ணை வைத்துச் சேனல் தேடுகிற வசதியும் எனக்குப் பயன்படாதவை, அதற்கு நான் ஏன் பல மடங்கு காசு கொடுக்க வேண்டும்? அந்தக் காசில் 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான சிற்றலையையும் அதில் தூரத்துப் பேச்சுக்குப் பாவிக்கிற எஸ்எஸ்பி முறையையும் சேர்த்துத் தந்தால், இந்து சமுத்திரத்தின் நடுவில் விஎச்எப் எட்டாத இடத்திலிருந்து விமானங்கள் கதைப்பதை இந்தச் செட்டிலேயே கேட்பேன். இலங்கை மாதிரி ஒரு தீவில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வடிவமைப்பவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வாங்க நினைக்கிற தம்பி தங்கைமாருக்கு: செட்டைக் கையில் எடுத்ததும் நீண்ட அன்ரெனாவைப் பூட்டி, ஏஎம்மில் 118 முதல் 130 வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பாட்டுக் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாவித்த செட் என்றால் பற்றரிக் கதவைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். அப்புறம், இங்கே ரேடியோக் கருவி இறக்குவதும் பாவிப்பதும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகிறது. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவருவதாக இருந்தால், அவர் விமானம் ஏற முன்னமே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் மொடல் பெயரைச் சொல்லி விசாரித்து, அனுமதியை எழுத்தில் வாங்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.