உப்புத் தண்ணீரில் குட்டை வேலி: இட்லிப்பூ, துராந்தா, மருதாணி

வாசல் பாதைக்கும் தோட்டத்துக்கும் நடுவே இரண்டடி உயரத்தில் செடிவேலி. இதற்காக இட்லிப்பூ, துராந்தா, மருதாணி மூன்றையும் ஆளுக்கொரு பக்கமாக வைத்துப் பல வருடமாக வளர்த்து வருகிறோம். வீடு மதுரை ஒத்தக்கடைக்குப் பக்கம். போர் தண்ணீர்தான், கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். நம் பக்கம் வேலிச் செடியைத் தேர்ந்தெடுக்கும்போது பூவையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

இட்லிப்பூவின் குட்டை ரகம் நர்சரியில் பார்க்கும்போதே மனதை அள்ளும். அதிகம் வெட்டவும் வேண்டாம். ஆனால் அது அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகத் துளிர் வரும். இரும்புச் சத்துள்ள உப்பான அன்னபேதியை லேசாகக் கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்புகிறது, அப்புறம் வரும் துளிர் மறுபடி வெளுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் எங்கள் செடிகள் கண்கொள்ளாக் காட்சி. நல்ல தண்ணீர் வரும் வீடு என்றால் தாராளமாக வையுங்கள்.

மஞ்சள் துராந்தா விலை மலிவு, சீக்கிரம் அடர்த்தியாகும். மழைக்காலத்தில் கத்தரியோடு பின்னாலேயே நிற்க வேண்டியிருக்கும். நிழல் விழுந்தால் மஞ்சள் போய்ப் பச்சையாகிவிடும். வெட்டாமல் விட்டால் காய்க்கும். அந்தக் காய் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை மறக்கக் கூடாது.

என் ஓட்டு மருதாணிக்குத்தான். கொல்லையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் செடி என்றே பலரும் நினைக்கிறார்கள். வெட்ட வெட்டத் தழைக்கும் செடி அது. அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்து வெயிலையும் எங்கள் தண்ணீரையும் தாங்குகிறது. தண்ணீர் மிகவும் குறைந்தால் இலை கொட்டும். ஒரு மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். பென்சில் கனத்தில் குச்சி வெட்டி நட்டாலே வேர் பிடிப்பதால் செலவும் இல்லை. தீபாவளி நெருங்கினால் தெருவே இலை கேட்டு வரும், வெட்டுகிற வேலையில் பாதி அப்படியே முடியும்! முற்றிய கிளையில் முள் வரும் என்பதால் பாதையைக் குறுகலாக விடாதீர்கள். வெட்டிக்கொண்டே இருந்தால் பூக்காது. அந்த வாசனை வேண்டும் என்றால் மூலையில் ஒன்றை மட்டும் வளர விடுங்கள்.

நடுவதற்கு புரட்டாசி கடைசி நல்ல நேரம். ஓரடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில் மாற்றி மாற்றி நடுங்கள். ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். ஆசைப்பட்டு அப்படியே விட்டால் தூர் மொட்டையாகி, கோழி புகுந்து போகிற வேலியாகிவிடும். வெட்டும்போது மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வெட்டினால் அடிக்கிளைக்கும் வெயில் கிடைக்கும்.

ஆடு மேய்கிற தெருவாக இருந்தால் கணக்கே வேறு. இரண்டடி வேலி ஆட்டை நிறுத்தாது. அங்கே ஆடாதோடையோ நொச்சியோ வைத்து இடுப்பு உயரத்துக்கு விடுங்கள். ஆடு அவற்றில் வாய் வைக்காது. அரளியையும் ஆடு தொடாதுதான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் வாசல் பக்கம் நான் வைக்க மாட்டேன்.

பெரிய கவாத்தை ஆடி, ஆவணியில் முடித்துவிடுவோம். சித்திரை, வைகாசியில் கத்தரியைத் தொடுவதில்லை. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு உள்கிளை கருகிவிடும்.