நூறு வெள்ளித் துருவத் தண்ணீர்: குடித்தும் அளந்தும் பார்த்தது

சுவையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். சுவை இல்லை. நாக்கில் லேசாக வழுக்குகிற உணர்வு, தொண்டையைத் தாண்டியதும் அதுவும் இல்லை. பங்கு போட்ட தம்பி ஒருவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அண்ணே, ஏர்கான்ல சொட்டுற தண்ணி மாதிரி இருக்குண்ணே" என்றார். ஏர்கான் தண்ணீரை எப்போது குடித்துப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

பொருள் இதுதான்: கிரீன்லாந்திலிருந்து உடைந்து மிதந்து வந்த பனிப்பாறையை உருக்கி அடைத்த 750 மில்லி கண்ணாடிப் புட்டி. கார்க் மூடி, அட்டைக் குழல், உள்ளே ஒரு சின்னப் புத்தகம். சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் தரைக்கடியில் இருக்கும் ஒரு பேரங்காடியில் நூறு வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிய விலை. ஷிப்ட்டில் இருப்பவர்கள் பங்கு போட்டு வாங்கினோம். நாங்கள் உட்லண்ட்ஸில் ஒரு கணினிச் சில்லு ஆலையில், சில்லுகளைக் கழுவும் அதிதூய நீர் தயாரிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர்கள். "உலகிலேயே தூய்மையான நீர்" என்று ஒருவன் லேபிள் ஒட்டினால் சும்மா விட மனசு வராது.

லேபிளில் இன்னும் இரண்டு வாக்கியங்கள்: "10,000 ஆண்டு பழைமை", "மனிதக் கை படாதது".

ஈசூனில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் அளந்தோம். கண்ணாடிக் குவளை வேண்டாம், அதிலிருந்தே சோடியம் கசியும் என்பதால் பாலிப்ரோப்பிலீன் குவளை. அதையும் ஆலைத் தண்ணீரால் பலமுறை அலசி, கடைசி அலசலைப் புட்டித் தண்ணீராலேயே செய்து, மின்கடத்துதிறன் மீட்டரை இறக்கினோம். தண்ணீரில் கரைந்த உப்பு கூடக்கூட எண் கூடும்; எண் குறைந்தால் தண்ணீர் சுத்தம். குழாய்த் தண்ணீர் இருநூற்றுச் சொச்சம் மைக்ரோசீமென்ஸ் காட்டியது. புட்டித் தண்ணீர் 11.

11 நல்ல எண். ஆனால் துருவப் பனிக்கு இது அதிகம். கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, கிரீன்லாந்தின் உச்சியிலோ அண்டார்டிக் பீடபூமியிலோ விழும் பனியை அள்ளி உருக்கினால் 1 முதல் 3 வரைதான் வரும். புதுநீரை (கழிவுநீரைச் சுத்திகரித்துச் சிங்கப்பூர் மறுபடி தரும் நீர்) வாங்கி, சவ்வு, புற ஊதா விளக்கு, அயனிப் பிசின் என்று ஒரு மாடி முழுக்க இயந்திரம் ஓட்டி நாங்கள் 0.055க்குக் கொண்டுவருகிறோம். அதுவும் குழாய்க்குள் சுற்றும்வரைதான். குவளையில் பிடித்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் 1 பக்கம் போய்விடும். துருவப் பனியும் அந்த வாயுவால்தான் லேசாக அமிலமாக இருக்கிறது, பிஎச் ஐந்தரை சுற்றி. அதாவது திறந்த காற்றில் ஒரு தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்க முடியுமோ, அந்த எல்லைக்குப் பக்கத்தில் அந்தப் பனி கிடக்கிறது. இயந்திரம் இல்லாமல். கடல் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். காற்றில் ஏறிய தூசியும் உப்பும் வழியிலேயே மழையோடு இறங்கிவிடும். கடைசிவரை போய்ச் சேருவது சொற்பம்.

அந்தச் சொற்பம்தான் விஷயமே. ஒரு லிட்டர் உருகிய பனியில் ஒவ்வோர் அயனியும் (கரைந்திருக்கும் மின்னூட்டமுள்ள துகள்) பெரும்பாலும் சில மைக்ரோகிராமிலிருந்து சில பத்து மைக்ரோகிராம் வரை இருக்கும். சோடியமும் குளோரைடும் கடல் தெறிப்பிலிருந்து வந்தவை. கால்சியம் பாலைவனத் தூசி. கிரீன்லாந்துக்கு ஆசியப் பாலைகளிலிருந்தும் அண்டார்டிகாவுக்குத் தென் அமெரிக்காவின் படகோனியாவிலிருந்தும் போகிறது. பனியுகத்து அண்டார்டிக் படிவில் இந்தத் தூசி இப்போதையதைப் போல இருபது மடங்குக்கும் மேல். சல்பேட்டுக்கு எரிமலை ஒரு மூலம், கடல் பாசி இன்னொன்று. பாசி விடும் டைமெத்தில் சல்பைடு காற்றில் மாறி சல்பேட்டாகவும் மீத்தேன்சல்பானிக் அமிலமாகவும் இறங்குகிறது. இரண்டாவது பொருள் எரிமலையிலிருந்து வராது. அதனால் எவ்வளவு சல்பேட் பாசியுடையது என்று பிரித்துப் பார்க்க அது உதவுகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த அளவு ஒன்று உண்டு: நம் நெற்றியிலிருந்து விழும் ஒரு சொட்டு வியர்வையில் உள்ள சோடியம், அண்டார்டிக் உள்நாட்டுப் பனி கிலோக்கணக்கில் எடுத்தால்தான் கிடைக்கும். முகமூடியும் கையுறையும் போடாமல் அங்கே மாதிரி எடுப்பதே வீண் வேலை.

இந்தப் பாடத்தைக் கட்டாயமாக்கியவர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்ட அதே மனிதர். அவரும் சக ஆய்வாளர்கள் முரோசுமியும் சௌவும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், கிரீன்லாந்துப் பனியில் 1965 வாக்கில் ஈயம் கிலோவுக்கு 200 நானோகிராமைத் தாண்டியிருந்தது, கி.மு. 800 வாக்கில் அது ஒரு நானோகிராம்கூட இல்லை. பெரும்பகுதி பெட்ரோலில் கலந்த ஈயம். பிற்பாடு நாடுகள் ஒவ்வொன்றாக அதை நிறுத்த, பனியிலும் அளவு சரிந்தது. சிங்கப்பூர் 1998இல் நிறுத்தியது. ரோமானியர்கள் வெள்ளிக்காக ஈயத்தாது உருக்கிய புகைகூட கிரீன்லாந்துப் படிவில் தெரிகிறது.

நம் பக்கத்து வீட்டுக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். 1250களின் இறுதியில் விழுந்த பனியில், இரண்டு துருவத்திலும் ஒரே சமயத்தில் சல்பேட் அளவு மேடுபோல் ஏறியிருக்கிறது. எந்த எரிமலை என்று பல வருடம் தெரியாமல் இருந்து, 2013இல்தான் இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்த சமலாஸ், 1257இல் வெடித்தது என்று கண்டுபிடித்தார்கள். அங்கே ரிஞ்சானி மலை ஏறப் போகிறவர்கள் மேலே நின்று படம் எடுக்கும் செகாரா அனாக் ஏரி அந்த வெடிப்பு விட்ட பள்ளம்தான்.

சரி, இதெல்லாம் இந்தப் புட்டிக்குள் இருக்கிறதா? 10,000 ஆண்டு என்பது உண்மையானால் சமலாஸும் இருக்காது, ரோமும் இருக்காது, பெட்ரோலும் இருக்காது. அந்தப் பனி விழுந்தபோது மனிதக் கை படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கை பட்டது பிறகுதான்: படகு, பம்பு, வடிகட்டி, புட்டி. பனிப்பாறை கடலில் மிதந்தது வேறு. என் மீட்டர் காட்டிய 11க்கு இவையெல்லாம் சேர்ந்து காரணமாக இருக்கலாம். பின் லேபிளில் சோடியம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறார்கள், அதாவது 1,000 மைக்ரோகிராம். உலகிலேயே தூய்மையானது என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் என் பெரிய குறை தூய்மையில் இல்லை. உருக்கியதில். ஆய்வாளர்கள் பனித்தண்டை (பனியைத் துளைத்து எடுக்கும் நீண்ட உருளை) முழுசாக வெட்டியெடுத்து, அடுக்கு கலையாமல், குளிரிலேயே பாதுகாத்து, வெளிப்புறத்தைச் சீவி எறிந்துவிட்டு அளக்கிறார்கள். எந்த ஆண்டில் எவ்வளவு என்று தெரிவது அடுக்கின் வரிசையால்தான். மொத்தமாக உருக்கினால் நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் சராசரி மிஞ்சுகிறது. இன்னொன்று காற்று. பனி இறுகும்போது அந்தக் காலத்துக் காற்று குமிழ்களாக உள்ளே மாட்டிக்கொள்கிறது. அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் எடுத்த தண்டில் எட்டு லட்சம் ஆண்டுவரை அப்படிக் காற்று கிடைத்திருக்கிறது. இப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல்; தொழிற்புரட்சிக்கு முன்பு அது சுமார் 280 என்று நாம் சொல்வதே இந்தக் குமிழ்களை உடைத்துப் பார்த்ததால். பனிப்பாறைத் துண்டைத் தண்ணீரில் போட்டால் படபடவென்று வெடிக்கும், அந்தக் காற்று அழுத்தத்தோடு வெளியே வருவதால். இவர்கள் அதையெல்லாம் படகிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் நமக்கு விற்கிறார்கள். கட்டியாகவே உறையவைத்து அனுப்பியிருந்தால் இன்னொரு முறை பங்கு போட நான் தயார்.

மிச்சத்தில் தேநீர் போட்டோம். தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், சீனியும் இல்லாமல். நிறம் தெளிவாக வந்தது, மேலே ஆடை படியவில்லை, உப்பு குறைந்த எந்தத் தண்ணீரிலும் அப்படித்தான் வரும். வீட்டில், "இதுக்கு நூறு வெள்ளியா?" என்ற கேள்விக்குமேல் பேச்சு இல்லை.

ஐந்துக்கு இரண்டு. ஒன்று புட்டிக்கு, ஒன்று பின் லேபிளில் எண்களை ஒளிக்காமல் போட்டதற்கு. பரிசாகக் கொடுக்க வாங்குவேன் என்பவர்கள் கடையில் கேளுங்கள்: எந்தப் பனியாற்றிலிருந்து உடைந்தது, வயதை எப்படிக் கணக்கிட்டார்கள். நான் கேட்டபோது விற்பனைப் பெண் மரியாதையாகச் சிரித்து, பெட்டியிலுள்ள சின்னப் புத்தகத்தைக் காட்டினார். அதில் பனிக்கரடி படம்தான் இருந்தது.