தெருவில் வானம் காட்ட எந்தத் தொலைநோக்கி?

பள்ளி மைதானத்திலோ கடற்கரையிலோ வரிசையில் நிற்கும் மக்களுக்கு நிலாவையும் கோள்களையும் காட்ட நினைக்கும் ஆர்வலர் முன் இன்று மூன்று வழிகள் உள்ளன: 70 மி.மீ. விட்டமுள்ள வில்லைத் தொலைநோக்கி, 8 அங்குல (200 மி.மீ.) ஆடியால் ஒளியைத் திரட்டும் டாப்சோனியன் தொலைநோக்கி, கைபேசிக்குப் படம் அனுப்பும் ஸ்மார்ட் தொலைநோக்கி. தனியே வானத்தைக் கற்க 10x50 பைனாகுலர் அருமையான துணை. ஆனால் ஒரே கோளை அடுத்தடுத்து பலருக்குக் குறிவைத்துக் காட்ட அது உதவாது.

70 மி.மீ. கருவி விலை குறைவு, தூக்கிச் செல்லவும் எளிது. நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள், சனியின் வளையம் ஆகிய மூன்றையும் அது காட்டிவிடும். பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் 500 மடங்கு உருப்பெருக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம்; இந்த விட்டத்துக்கு 140 மடங்கைத் தாண்டினால் பிம்பம் மங்கத்தான் செய்யும். உண்மையான குறை அதன் மெலிந்த முக்காலியில் இருக்கிறது. பார்க்க வருகிற குழந்தை, கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த கணமே சனி துள்ளி மறைந்துவிடும்.

டாப்சோனியனுக்கு முக்காலியே இல்லை. தரையில் உட்கார்ந்திருக்கும் பலகைப் பெட்டியின் மேல் குழல் திரும்புவதால், பலர் தொட்டாலும் ஆட்டம் குறைவு. சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபு மடத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், மடத்தை விட்டு வெளியேறிய பின் 1968இல் தெருவோர வானியலாளர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். நடைபாதையில் போவோர் வருவோருக்குக் காட்டவே பயன்பட்ட, அவர் பெயரால் அழைக்கப்படும் வடிவம் இது. 200 மி.மீ. ஆடி 70 மி.மீ. வில்லையைவிட எட்டு மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. ஏறத்தாழ 20 கிலோ எடை, வண்டியில் குலுங்கி வந்தபின் ஆடிகளை நேர்செய்ய வேண்டிய வேலை, சிறுவர்கள் ஏறி நின்று பார்க்க ஒரு சிறு பலகை ஆகியவை இதற்கான செலவு.

இதில் மோட்டார் இல்லாததைப் பலர் பெருங்குறையாகச் சொல்வதுண்டு; நான் அதை ஏற்கவில்லை. 1200 மி.மீ. குவியத்தூரமுள்ள (ஆடி ஒளியைக் குவிக்கும் தொலைவு) குழலில் 10 மி.மீ. குவியத்தூரமுள்ள ஐபீஸ் பொருத்தினால் 120 மடங்கு பெரிதாகும். அப்போது சனி இரண்டு நிமிடத்துக்குள் காட்சி வட்டத்தைக் கடந்துவிடும். "உள்ளே படம் ஒட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்பவரிடம் குழலைத் தொடாமல் பார்க்கச் சொன்னால் போதும், வளையத்தோடு கோள் நகர்ந்து போவதைக் கண்டதும், நகர்வது நம் பூமிதான் என்பதை விளக்க அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

ஸ்மார்ட் தொலைநோக்கி நகர ஒளி மாசிலும் பல படங்களை அடுக்கி, கண்ணுக்குச் சாம்பல் புகையாகத் தெரியும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைச் செந்நிறத்தில் தருகிறது. குனிய முடியாத முதியவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் திரையில் பார்க்கலாம் என்பது மதிக்க வேண்டிய பலன். ஆனால் சந்தையில் பரவலாக உள்ள 50 மி.மீ. வகைகளில் கோள்கள் சிறு புள்ளிகளாகவே அமைகின்றன. மேலும், சனியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணித்த ஒளி பார்ப்பவர் கண்ணுக்குள் நேரடியாக விழும் அனுபவத்தைத் திரை தருவதில்லை.

ஒரே ஒரு கருவி வாங்க முடிந்த வானியல் மன்றம் டாப்சோனியனையே வாங்கட்டும். பணம் மிஞ்சினால் ஸ்மார்ட் கருவியை அருகில் வைக்கலாம். பேருந்தில் ஊர் ஊராகச் செல்லும் ஆசிரியருக்கு மட்டும் 70 மி.மீ. பொருந்தும், அதுவும் உறுதியான முக்காலி தனியே வாங்கியபின். எதை வாங்கினாலும் முதல் நிகழ்வைப் பௌர்ணமியில் வைக்காமல் அரைநிலாவையொட்டி வைத்தால், பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்து நிலா தெளிவாகத் தெரியும்.